விட்டக் குறியும் கலியபெருமாள் சாரின் சிவப்புப் பென்சிலும்

டப். டிக். டப்.

முதலில் இங்கிலீஷ் பெரிய ஓ. அடுத்து காகிதம் ஏந்திய வண்டியை ஓர் எழுத்துத் தூரம் பின்னால் இழுக்கும் விசை. அதற்குச் சத்தம் குறைவு. பிறகு அதே இடத்தில், அந்த ஓவின் நெஞ்சுக்குக் குறுக்கே விழும் சாய்கோடு. என் தட்டச்சு மெஷின் பழைய இரும்புக் கடைக்குப் போய்ப் பல வருஷமாயிற்று. அந்த மூன்று சத்தம் மட்டும் வரிசை மாறாமல் காதில் தங்கிவிட்டது.

வில்லியனூரில் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போகும் வழியில் டைப்பிங் கடை வைத்திருந்தவள் நான். எங்கள் தொழிலில் கடிதமும் மனுவும் யார் வேண்டுமானாலும் அடித்துவிடலாம். விசைப்பலகையில் இல்லாத ஒரு குறியைக் கேட்டு ஆள் வந்து நிற்கும்போதுதான் நம் லட்சணம் தெரியும். கை பிசைந்துகொண்டு அப்படி உட்கார்ந்திருந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். ஒருவருக்கு டிகிரி, ஒருவருக்குப் பின்னம், ஒருவருக்கு ரூபாய். எனக்கு வாய்த்தது விட்டக் குறி. வட்டத்துக்குக் குறுக்கே ஒரு கோடு. கம்பி எத்தனை கனம், குழாய் எத்தனை அகலம் என்று சொல்லும் எண்ணோடு ஒட்டிக்கொண்டு வருவது.

மூன்று தட்டு

அந்தக் குறியை என் கடைக்குக் கொண்டுவந்தவர் கலியபெருமாள் சார். வீட்டுக்கு பிளான் போடுகிறவர். சிவில் டிப்ளமோ. எந்தத் தூணுக்கு எந்தக் கம்பி, எத்தனை கம்பி என்று கையால் எழுதிய பட்டியலைக் கொண்டுவருவார். நான் மூன்று நகல் அடித்துத் தர வேண்டும். முதல் நாள் அந்தக் குறி வந்த இடத்திலெல்லாம் நான் வெறும் ஓ போட்டுவிட்டேன். எம்.ஏ. தமிழ் படித்தவளுக்குக் கம்பியின் கனம் எப்படித் தெரியும்?

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தார். ஒவ்வொரு ஓவின் மேலும் பொறுமையாக ஒரு கோடு இழுத்தார். பிறகு மெஷினைத் தன் பக்கம் திருப்பி, ஒற்றை விரலால் அந்த மூன்று தட்டையும் தட்டிக் காண்பித்தார். அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. நான் அடித்து முடித்ததும் அவர் சிவப்புப் பென்சிலால் குறி குறியாகப் போய் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு டிக் வைப்பார். ஒன்று விட்டுப்போயிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். அந்தக் கண்ணுக்கு நான் பயந்தேன்.

“ஓ வேற, விட்டம் வேற மேடம். ஓ போட்டா மேஸ்திரி சிரிப்பான். விட்டம் போட்டாத்தான் கம்பி கட்டுவான்.”

நூ பன்னிரண்டு

கம்ப்யூட்டர் வந்தது. ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு வலது பக்க எண்களில் 0216 தட்டினால் குறி வந்து குதிக்கும் என்று யாரோ சொல்லிக் கொடுத்தார்கள். மூன்று தட்டு ஐந்தாகிவிட்டதே என்று வருத்தம்தான். ஆனால் அடித்தேன், வந்தது. குழந்தையைப்போலக் கை தட்டினேன்.

சோரியாங்குப்பத்து அந்தோணி மேஸ்திரிக்கு இங்கிலீஷ் பட்டியல் ஆகாது என்பதால் ஒருமுறை எல்லாவற்றையும் தமிழில் அடித்தேன். அந்தக் காலத்துத் தமிழ் ஃபான்ட் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். இங்கிலீஷ் எழுத்து இருக்கும் இடங்களிலெல்லாம் தமிழ் எழுத்து குடியேறியிருக்கும். நம் குறியின் இடத்தில் ஒரு ‘நூ’ உட்கார்ந்திருந்தது. நான் கவனிக்கவில்லை. சார் அன்று வெளியூர் போயிருந்தார். டிக் வைக்க ஆள் இல்லை. மறுநாள் காலையில் மேஸ்திரி காகிதத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சைக்கிளில் வந்து இறங்கினார். கடையில் நாலு பேர் இருக்கும்போது விரித்துப் படித்தார்.

“இன்னாக்கா இது, தூணுக்கு நூ பன்னண்டு, படிக்கு நூ எட்டுன்னு போட்டுக்கீது? வூடு கட்டச் சொல்றியா, நூலு குடுத்து தறில பாவு ஓட்டச் சொல்றியா?”

வட்டம் என்று ஒரு ஃபைல்

லேத் பட்டறைக்காரர் ஒருவர் புது லேப்டாப்போடு வந்தார். கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய விலைப்பட்டியலில் இருபது இடத்தில் விட்டம். அந்த லேப்டாப்பில் வலது பக்க எண்களே கிடையாது. மேல்வரிசை எண்களைத் தட்டினேன், ஒன்றும் வரவில்லை. சதவீதக் குறி இரண்டு போட்டு ஒரு சி போட்டால் வரும் என்றார் அவர். அது படம் வரைகிற ப்ரோக்ராமில் மட்டும் வரும், கடிதத்தில் இரண்டு சதவீதமும் ஒரு சியுமாகவே நிற்கும். கடைசியில் என் பெரிய கம்ப்யூட்டரில் ஒரே ஒரு குறியை அடித்து, அதற்கு ‘வட்டம்’ என்று பெயர் வைத்து ஒரு ஃபைலாகச் சேமித்து, பென்டிரைவில் ஏற்றி, அவர் லேப்டாப்பில் இறக்கி, இருபது முறை நகலெடுத்து ஒட்டினேன். பிறகு எந்த மெஷின் வந்தாலும் அந்த ஃபைலைத்தான் நம்பினேன்.

சதவீதம் சதவீதம் சி விஷயத்தைக் கலியபெருமாள் சாரிடம் சொன்னபோது, “அங்கியும் மூணு தட்டுதானா?” என்று சிரித்தார். லேத்காரர் சிரிக்கவில்லை. என் திரையில் நட்டநடுவே ஒற்றைக் குறியோடு வெள்ளையாகத் திறந்துகிடந்த ஃபைலை வெகுநேரம் பார்த்தார்.

“ஒரு குறிக்கு ஒரு பக்கம் பூரா குடுத்துக்கிறியேக்கா. எங்க வூட்ல ஏழு பேரு ஒரு ரூம்ல படுத்துகினு கெடக்குறோம்.”

அழுத்திப் பிடித்தால்

போன் காலம். சார் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கினார். போனில் ஓ எழுத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் ஓவின் சொந்தக்காரர்கள் எல்லாரும் வரிசையாக எட்டிப் பார்ப்பார்கள். தலையில் புள்ளி வைத்தது, தொப்பி போட்டது, அலை வைத்தது. அந்தக் கூட்டத்தில் கோடு போட்டதும் ஒன்று இருக்கும். நகத்தால் நகர்த்திப் பிடிக்க வேண்டும்.

சார் அனுப்பிய முதல் பட்டியலில் எல்லாம் சரியாக இருந்தது. அடுத்ததில் இரண்டு இடத்தில் புள்ளி வைத்த ஓ. அதற்கடுத்ததில் பாதிக்குமேல் தொப்பி போட்டது. நான் திருத்தி அடித்தேன். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. கடைக்கு வந்தபோது போனை மூக்குக்கு அருகில் வைத்துக்கொண்டு, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, கடைக்கண்ணால் பார்ப்பதைக் கவனித்தேன். கிளி அப்படித்தான் பார்க்கும். பிறகு அவர் தட்டுவதையே விட்டுவிட்டார். “மேடம், தூண் ஒண்ணு, பன்னண்டு எம்மெம், ஆறு கம்பி” என்று குரலிலேயே பதிந்து அனுப்பினார். நல்ல கணீர்க் குரல். எனக்கு வேலை சுலபமாயிற்று என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

“எழுத்தையெல்லாம் எறும்பாட்டம் பண்ணிட்டான் மேடம் இந்த போன்காரன். நம்மள மாதிரி ஆளுங்கள எங்க நெனைக்கிறான்?”

பெட்டிகள்

புது கம்ப்யூட்டர் வாங்கினேன். 2300 என்று அடித்து, ஆல்ட்டோடு எக்ஸ் அழுத்தினால் அசல் விட்டக் குறி வரும் என்று அதில் கற்றுக்கொண்டேன். இத்தனை நாள் நான் போட்டுவந்தது விட்டக் குறியே இல்லையாம். எங்கோ வடக்கே பனி நாட்டுக்காரர்கள் பேசும் மொழியில் ஓர் எழுத்தாம். அசல் வந்துவிட்ட பெருமையில் சாரின் பட்டியலை முழுக்க அதிலேயே அடித்தேன். பிரிண்டர் இருந்தது பழைய கம்ப்யூட்டரில். அதற்கு அந்த அசல் குறியின் முகமே தெரியாது. தெரியாததை எல்லாம் அது ஒரு வெற்றுப் பெட்டியாக அச்சடிக்கும். நான் பார்க்காமலே சாரிடம் நீட்டிவிட்டேன்.

அவர் வழக்கம்போல ஸ்டூலில் உட்கார்ந்து சிவப்புப் பென்சிலை எடுத்தார். டிக் வைத்துக்கொண்டே போனார். உதடு மட்டும் அசைந்தது, எண்ணிக்கொண்டிருந்தார். ஜெராக்ஸ் எடுக்கக் காகிதத்தை வாங்கியபோதுதான் பார்த்தேன். இருபத்திரண்டு இடத்திலும் பெட்டி. பக்கத்தில் இருபத்திரண்டு டிக். முதல் ஏழெட்டு அந்தந்த இடத்தில் இருந்தன. பிறகு மெல்ல நகர்ந்து அடுத்த கட்டத்துக்குள் போயிருந்தன. கடைசி இரண்டும் எழுத்தே இல்லாத வெள்ளை ஓரத்தில் தனியாக நின்றன.

நான் முதுகைத் திருப்பிக்கொண்டேன். பழைய எழுத்தையே போட்டு மறுபடி அச்சடித்தேன். அவர் டீ குடிக்க எழுந்து போனபோது, ஸ்டூலில் வைத்துவிட்டுப் போன அவர் பென்சிலை எடுத்து, இருபத்திரண்டு டிக்கையும் அவர் கை போலவே நான் வைத்தேன். பெட்டிக் காகிதத்தை மடித்து என் கைப்பைக்குள் போட்டேன். திரும்பி வந்தவர் நகல்களை வாங்கிக் கையால் தடவினார்.

“இருபத்திரெண்டும் சரியா இருந்துச்சு மேடம். இன்னிக்கு ஒண்ணுகூட வுடல நீங்க.”

என் கண்ணுக்கு வந்த குறை

அடுத்த முறை நான் ஒரு பொய்யோடு தயாராக இருந்தேன். “சார், எனக்குப் பார்வை முன்ன மாதிரி இல்ல. நான் வாசிச்சுக்கிட்டே சரிபார்க்கிறேன், நீங்க கேட்டுச் சொல்லுங்க” என்றேன். அவர் முகத்தில் நிம்மதி பரவியது. நான் வாசிப்பேன், அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நடுவில் நிறுத்தி, “இல்ல, படிக்கட்டு ஸ்லாபுக்குப் பத்து எம்மெம்தான சொன்னேன்?” என்பார். சொன்னது பத்தாகத்தான் இருக்கும். ஞாபகத்தில் ஓர் எண் பிசகியதில்லை.

ஒன்றரை வருஷம் இப்படிப் போயிற்று. சத்தமாக எண்களை வாசித்து வாசித்து அதில் ஒரு சந்தம்கூட வந்துவிட்டது எனக்கு. நல்ல காரியம் செய்கிறோம் என்ற எண்ணம் வேறு. அவர் பிழைப்பு அந்தக் கண்ணில் இருந்தது. நான் அதைக் காப்பாற்றிக் கொடுக்கிறேன் என்று நினைத்தேன். பிழைப்பைத்தான் நினைத்தேன், கண்ணை நினைக்கவில்லை. ஒரு நாள் அவர் என்மேல் உண்மையான அக்கறையோடு, கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்.

“உங்க கண்ண ஒரு வாட்டி டாக்டராண்ட காட்டிடுங்க மேடம். அசால்ட்டா வுட்டுடாதீங்க.”

நர்ஸ் கேட்ட கேள்வி

கரியமாணிக்கத்தில் செல்வி என்றொரு நர்ஸ் வீடு கட்டத் தொடங்கினாள். பிளான் கலியபெருமாள் சாருடையது. பட்டியலின் நகல் வாங்க அவள் கடைக்கு வந்த அன்று சாரும் இருந்தார். நான் வாசிக்க, அவர் கேட்க, அவள் மூலையில் நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் போகும்போது கடைப்படி இருக்கும் இடத்தைக் காலால் துழாவியதையும் பார்த்தாள்.

அவர் போன பிறகு, “சாருக்குச் சக்கரை இருக்குதாம்மா?” என்றாள்.

“இருக்கு, பத்துப் பன்னண்டு வருஷமா.”

“கண்ணு நல்லாத் தெரியுதா?”

என் கையில் அவருக்காக அடித்த பட்டியல் இருந்தது. உண்மையைச் சொன்னால் அவள் வேறு ஆளிடம் போவாள். இந்தக் கடைத்தெருவில் ஒருத்தி போனால் ஊரே போகும். “நல்லாத் தெரியுதே. கண்ணாடி மாத்தணும்னு சொல்லிக்கிட்டிருந்தார்” என்றேன். எவ்வளவு இயல்பாக வந்தது தெரியுமா அந்தப் பொய்! அவள் நம்பினாளா என்று இன்றும் தெரியாது. அவள் சொல்லிவிட்டுப் போனதை நான் சாரிடம் சொல்லவில்லை. சொன்னால் எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். அப்புறம் அவர் என் கடைக்கு எந்த முகத்தோடு வருவார்? இப்படி யோசித்தே அந்த வாரம் போயிற்று, அடுத்ததும் போயிற்று.

“கண்ணாடி மாத்தறதோட போற விஷயமான்னு ஒருதபா செக் பண்ணிக்கச் சொல்லுங்கம்மா. லேட் பண்ண வேணாம்.”

ஆறு மேஸ்திரிகள்

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம் அந்தோணி மேஸ்திரி வந்தார். கிண்டல் இல்லை. ஸ்டூலில் உட்காராமல், தலைப்பாகைத் துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“சார் செல்வியம்மா வூட்டு அஸ்திவாரக் குழில வுழுந்துட்டாருக்கா. நேரா நடந்து போயி எறங்கினாரு. கூப்டுறதுக்குள்ள ஆயிடுச்சு.”

“அடி?”

“காலு சுளுக்கு. அது இன்னா, சரியாப் பூடும். குழிக்குள்ள உக்காந்துகினு, ‘மண்ணு பாக்கத்தான் எறங்கினேன்’ன்றாரு. நாங்களும், ‘ஆமா சார், மண்ணு நல்ல மண்ணு சார்’ன்னோம்.” தலைப்பாகைத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அந்த நர்ஸம்மா மட்டும் வுடல. ஆட்டோ வெச்சு ஆஸ்பத்திரிக்கி இஸ்துகினு போயிடுச்சு.”

எத்தனை நாளாக உங்களுக்குத் தெரியும் என்று கேட்டேன். அவர் என்னை வியப்போடு பார்த்தார். ரெண்டு வருஷமாகத் தெரியுமாம். சார் வரைந்த படத்தில் ஜன்னல் சுவருக்கு வெளியே நிற்குமாம். இவர்கள் உள்ளே தள்ளி வைத்துக்கொள்வார்களாம். படி ஒன்று குறையும், சேர்த்துக்கொள்வார்களாம். அவருக்கு வேலை செய்கிற ஆறு மேஸ்திரியும் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டு, வீட்டுக்காரர்களுக்குத் தெரியாமல் இதைச் செய்திருக்கிறார்கள். நான் மட்டும்தான் காப்பாற்றுகிறேன் என்று நான் நினைத்திருந்தேன். என் கடையில் நான் நினைத்ததையே அவரவர் சாரத்தில் நின்று அவர்களும் நினைத்திருக்கிறார்கள்.

“பட்டியல் மட்டும் எப்பிடி தப்பு இல்லாம வருதுன்னு பாத்துகினுதான் இருந்தோம். நீதான் பண்றன்னு தெரியும்க்கா. உன்னாண்ட யாரும் கேக்கக் கூடாதுன்னு பேசி வெச்சிருந்தோம்.”

கண் ஆஸ்பத்திரி வராந்தா

மறுநாள் டவுனில் கண் ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். சாரின் மனைவி இறந்து வெகுநாள் ஆகிறது. மகள் பாகூரிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர நேரமாகும். கண்ணில் மருந்து விட்டு உட்காரவைத்திருந்தார்கள். டாக்டர் பெண் சின்ன வயது. சக்கரையால் கண்ணுக்குள் ரத்தக் குழாய்கள் கசிந்து, விழித்திரையே இழுபட்டுக் கிழிந்திருக்கிறது என்று பொறுமையாக விளக்கினாள். ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால் லேசர் வைத்து அப்படியே நிறுத்தியிருக்கலாமாம். இனி ஆபரேஷன் செய்து இருப்பதைத் தக்கவைக்கப் பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றாள். யார் மேலும் குற்றம் சொல்லாத குரல். அதனால்தான் தாங்க முடியவில்லை.

வராந்தா பெஞ்சில் அவரும் நானும் உட்கார்ந்திருந்தோம். எதிர்ச்சுவரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று வரிசையாக ஓர் அட்டை. அவர் அதற்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார்.

“மேடம், உங்களுக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?”

பெட்டிகளைப் பற்றிச் சொன்னேன். டிக்குகளை நான் மறுபடி வைத்ததைச் சொன்னேன். நர்ஸ் சொல்லி அனுப்பியதையும் சொன்னேன். அவர் விரல்களை மடக்கி மாதங்களை எண்ணினார். லேசர் வைக்க முடிந்திருக்கக்கூடிய மாதங்களைத்தான் எண்ணுகிறார் என்பது எனக்குப் புரிந்தது. அந்தக் கை போதவில்லை. அடுத்த கைக்குப் போனார். நான் கைப்பையின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“நீங்க தப்பா நெனைச்சுக்குவீங்கன்னு…” என்று ஆரம்பித்தேன். என் பேச்சை முடிக்க அவர் விடவில்லை. குரலில் கோபம் இல்லை. மேஸ்திரியிடம் ஒரு கணக்கை விளக்குகிறவர்போலச் சொன்னார்.

“அன்னிக்கே சொல்லியிருந்தா கோவப்பட்டிருப்பேன் மேடம். கோவப்பட்டுட்டு, ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன்.”

* * *

தட்டச்சில் ஒரு விதம், கம்ப்யூட்டரில் மூன்று விதம், போனில் ஒரு விதம் என்று ஒரு குறியைக் கொண்டுவர இத்தனை வழி தேடிக் கண்டுபிடித்தவளுக்கு, ‘சார், உங்களுக்குக் கண் தெரியவில்லை’ என்று சொல்ல ஒரு வழி கிடைக்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

ஆபரேஷன் இரண்டு முறை செய்தார்கள். கலியபெருமாள் சார் பாகூரில் மகள் வீட்டில் இருக்கிறார். வலது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது. இடது கண்ணில் அதுவும் இல்லை.